கேதத்துக்குப் போகக் கூடாத டாக்டர்

அந்த ஃபாரத்தை அப்படி மேஜை மேல வைங்க சிஸ்டர், கையெழுத்துப் போட்டுத் தர்றேன். போட மாட்டேன்னு சொல்லலை. படிச்சுட்டுப் போடுறேன். படிக்காம கையெழுத்துப் போடுறவங்களாலதான் நாட்டுல பாதி கேஸு. மீதிப் பாதி படிச்சுட்டுப் போடுறவங்களால. சிரிக்காதீங்க, அனுபவத்துல சொல்றேன்.

பதினோரு மணிக்குத்தானே தியேட்டர்? இப்ப ஒம்போதே கால். சாப்பிடக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாதுன்னுட்டீங்க. பேசவாவது பேசிக்கிறேன். வீட்டுக்காரி நாகலட்சுமி கீழ மருந்து வாங்கப் போயிருக்கா. அவ இருந்தா பேச விடமாட்டா.

என் பேரு தெய்வசிகாமணி. பித்தப்பையில கல்லு, வயசு அறுபத்தொண்ணு, சுகர் உண்டு, அதெல்லாம் உங்க சீட்டுலயே இருக்கும். சீட்டுல இல்லாதது என்னன்னா, நான் டாக்டர்களுக்கு இன்சூரன்ஸ் போடுறவன். பேஷண்டுக்கு இல்லை, டாக்டருக்கு. பேஷண்டு செத்துப்போறாரு, இல்லைன்னா கையோ காலோ விளங்காமப் போயிருது, டாக்டர் தப்பா வைத்தியம் பாத்துட்டாருன்னு கோர்ட்டுக்குப் போறாங்கன்னு வைங்க. அப்ப கம்பெனி வக்கீல் வச்சு வாதாடும். தோத்தா நஷ்டஈட்டையும் கம்பெனியே கட்டும். டாக்டர் நிம்மதியாத் தூங்கலாம். அந்த நிம்மதியைத்தான் இந்த அருப்புக்கோட்டை வட்டாரத்துல இருபது வருஷமா நான் வித்துக்கிட்டிருக்கேன்.

இந்த ஃபாரம்கூட நான் எழுதினதுதான். பாருங்க, இங்க, ஒம்பதாவது வரி. "மேற்படி சிகிச்சையின் விளைவாக அரிதாக மரணமும் நேரிடலாம்." பொடி எழுத்துல போடச் சொன்னதும் நான்தான். பெரிசாப் போட்டா பேஷண்டு பயந்துருவாங்க, போடாம விட்டா கோர்ட்டுல நம்ம பக்கம் நிக்காது. பொடிசாப் போட்டா ரெண்டுக்கும் நல்லது. இப்ப எனக்கே கண்ணாடி இல்லாமப் படிக்க முடியலை. நல்லா எழுதியிருக்கேன்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை விருதுநகர்ல ஒரு ஹோட்டல் மாடியில டாக்டர்களுக்கு வகுப்பு எடுப்பேன். எம்.எஸ்., எம்.டி. படிச்சவங்கல்லாம் பி.காம். படிச்ச என் முன்னால உக்காந்து நோட்டுல எழுதுவாங்க. எதைச் செஞ்சாலும் மணி போட்டு எழுதி வைங்க, எழுதினதை அடிச்சுத் திருத்தாதீங்கம்பேன். அதுல நான் ரொம்பக் கறார். பொய் எழுதச் சொல்லி ஒரு டாக்டர்கிட்டயும் நான் சொன்னதில்லை. எழுதுங்க, ஆனா வாயைத் தொறக்காதீங்க. பாலிசியில நிபந்தனையே அப்படித்தான் இருக்கு, கம்பெனி எழுத்துல சம்மதம் குடுக்காம எதையும் ஒத்துக்கக் கூடாது, யாருக்கும் எந்த வாக்கும் குடுக்கக் கூடாது. ஒத்துக்கிட்டா கம்பெனி கையைக் கழுவிரும். அதனால சாரின்னு ஒரு வார்த்தை சொல்லாதீங்க. ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ள ஒருத்தர் காலை மிதிச்சுட்டாக்கூட சொல்லாதீங்க, பழக்கமாயிரும்.

என்கிட்ட நாப்பத்தெட்டு டாக்டருக. அதுல பத்தொம்பது பேர் மேல கேஸு நடக்குது. இந்தப் பக்கத்துல வேற எந்த ஏஜென்ட்டுக்கும் இவ்வளவு கேஸு கிடையாது. ஒரு கேஸு ஒம்பது வருஷமா நடக்குது. செத்துப்போன பொண்ணோட அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து முன் பெஞ்சுல உக்காந்திருக்கும். ஒம்பது வருஷத்துல எங்க டாக்டர் அந்தம்மா பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாத்ததில்லை. அவ்வளவு கட்டுப்பாடு. வகுப்புல அவரைத்தான் உதாரணம் சொல்லுவேன்.

உங்க டாக்டரம்மாவும் என் வகுப்புக்கு வந்தவங்கதான். டாக்டர் பாக்கியவதி. பின்பெஞ்சுல உக்காந்து டீயைக் குடிச்சுட்டு, ஒரு வரிகூட எழுதாமப் போயிருவாங்க. அப்பவே எனக்குச் சந்தேகம். அவங்க மேல எனக்கு ஒரு மனக்குறை இருக்கு சிஸ்டர், அதைத்தான் சொல்ல வந்தேன். ஆபரேஷன் பண்ணப்போறவங்களைப் பத்தி ஆபரேஷனுக்கு முன்னாடி குறை சொல்லக் கூடாதும்பீங்க. மயக்க ஊசி போட்ட பிறகு சொல்ல முடியாதில்ல?

அஞ்சு வருஷம் இருக்கும். பந்தல்குடி ரோட்டுல பூ வியாபாரம் பாத்த தவசின்னு ஒருத்தர். நாப்பது வயசு. அவருக்கும் பித்தப்பைக் கல்லுதான். ஆமா, எனக்கு இருக்குற அதே கல்லு. டாக்டரம்மா ஆபரேஷன் பண்ணுனாங்க, நல்லாத்தான் பண்ணுனாங்க. மறுநாள் சாயங்காலம் மதுரையில அவங்க சொந்தத்துல கல்யாண ரிசப்ஷன், போயிருக்காங்க. ராத்திரி ஏழே முக்காலுக்குத் தவசி வயிறு வலிக்குதுங்கிறாரு. நர்ஸு போன் பண்ணுது. டாக்டரம்மா, "வாயுவா இருக்கும், ஊசி போடும்மா, காலையில வந்து பாக்குறேன்"ங்கிறாங்க. நர்ஸு அதை மணி போட்டு எழுதி வச்சிருச்சு. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே எழுதியிருந்துச்சு.

அது வாயு இல்லை. உள்ளுக்குள்ள பித்தநீர் கசிஞ்சிருக்கு. காலையில வந்து பாத்துட்டு உடனே மதுரைக்கு அனுப்பினாங்க, ஆம்புலன்ஸுல அவங்களும் ஏறிப் போனாங்க. மூணாம் நாள் மனுஷன் போயிட்டாரு.

எனக்குத் தகவல் வந்ததும் ஆட்டோ பிடிச்சு இங்கதான் வந்தேன். டாக்டரம்மா ரூம்ல உக்காந்திருந்தாங்க. பதறாதீங்க டாக்டர், ரிக்கார்டு சுத்தமா இருக்கு, இனிமே உங்க வேலை ஒண்ணே ஒண்ணு, சும்மா இருக்குறதுன்னேன். அவங்க காதுல விழுந்த மாதிரியே தெரியலை. "பாடி பத்து மணிக்கு வீட்டுக்கு வருதாம். நான் கேதத்துக்குப் போகணும் தெய்வசிகாமணி"ங்கிறாங்க.

நீங்க எந்த ஊரு சிஸ்டர்? சேலமா? அங்கல்லாம் எழவுன்னு சொல்லுவீங்க. இந்தப் பக்கம் கேதம். இங்க ஒரு சாவுன்னா தெருவே போகும். வாசல்ல செத்தவரோட பங்காளிக வரிசையா நிப்பாங்க. வர்ற ஆம்பளைங்க ரெண்டு கையையும் நீட்டணும், அவங்களும் நீட்டித் தொடுவாங்க. அதுதான் துக்கம் கேக்குறது. பேச்சே கிடையாது. பொம்பளைங்க நேரா உள்ள போயி, தாலி அறுத்த பிள்ளையைச் சுத்தி உக்காந்து கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவாங்க. போகலைன்னா பெரிய பகை ஆயிரும். கல்யாணத்துக்குப் போகலைன்னாக்கூட மன்னிச்சுருவாங்க.

நான் கூடவே கூடாதுன்னேன். "இந்த ஊர்ல இருபத்திரண்டு வருஷமா எத்தனை கேதத்துக்குப் போயிருக்கேன். என் கத்தி பட்ட உடம்பு செத்துக் கிடக்கு, அதுக்குப் போகக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. மத்த எல்லாத்துக்கும் போகலாம் டாக்டர், இதுக்குத்தான் கூடாதுன்னேன். சட்டப்படி அதுதான் சரி. ஆனா சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லை சிஸ்டர். வழி சொன்னேன். பேர் போடாம ஒரு மாலை அனுப்பிரலாம்னேன். வேண்டாம்னாங்க. அனுதாபக் கடிதம் ஒண்ணு அங்கயே உக்காந்து எழுதிக்குடுத்தேன். "தங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் சம்பவம் குறித்து அறிந்தோம். தங்கள் மனநிலையைக் கருத்தில் கொள்கிறோம்." எந்த இடத்துலயும் ஆள் செத்துட்டார்னே வராது. அப்படி எழுதுறது லேசு இல்லை. டாக்டரம்மா ரெண்டு தடவை படிச்சுட்டு, மடிச்சு என் சட்டைப் பையிலயே வச்சுட்டாங்க. வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க.

நான் ஓடிப்போயி கேட்டுக்குக் குறுக்க நின்னேன். காரு முன்னால ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்கு வெக்கம் மானம் எதுவும் தெரியலை. அந்தம்மாவுக்குப் புருஷன் இல்லை, ஒரே மகள் அப்பத்தான் காலேஜு. இந்த ஆஸ்பத்திரியைத் தவிர அவங்களுக்குச் சொத்துன்னு எதுவும் கிடையாது. ஒரு வார்த்தை வாயில இருந்து விழுந்துச்சுன்னா இந்தக் கட்டடமே போயிரும். அதை நினைச்சுத்தான் மறிச்சேன். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி, "நீங்களும் ஏறுங்க"ன்னாங்க. ஹாரன்கூட அடிக்கலை.

ஏறிட்டேன். சாட்சிக்கு ஆள் வேணும்ல. போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போனேன். மாலையைப் போடுங்க, கையெடுத்துக் கும்பிடுங்க, பத்து நிமிஷம் உக்காருங்க, எந்திரிச்சுருங்க. அழுதாங்கன்னா குனிஞ்சுக்கங்க. யாரு கையையும் பிடிக்காதீங்க, பிடிச்சா ஒத்துக்கிட்டதா ஆயிரும். அவங்க ரோட்டைப் பாத்து ஓட்டிக்கிட்டே வந்தாங்க.

பந்தல்ல ஒரே கூட்டம். டாக்டரம்மா இறங்குனதும் சத்தம் அப்படியே நின்னுருச்சு. செத்தவரோட மச்சினன் ஒருத்தன், முத்திருளாண்டின்னு பேரு, பாய்ஞ்சு வந்து தோளைப் பிடிச்சுத் தள்ளினான். அந்தம்மாவோட ஒரு செருப்பு எங்கயோ போயிருச்சு. ஒத்தச் செருப்பையும் கழட்டிப் போட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

எனக்கு வேற சிக்கல். வாசல்ல பங்காளிக வரிசையா நிக்கிறாங்க. எல்லாரும் கையை நீட்டுறாங்க, எனக்கும் நீட்டுறாங்க. நான் கம்பெனி ஆளு. நான் கையை நீட்டினா கம்பெனி கையை நீட்டின மாதிரி. கொண்டு போன ஃபைலை ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு பெரியவர் கையை நீட்டினபடியே ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் அவரே மடக்கிக்கிட்டாரு. அன்னைக்கு அந்தப் பந்தலுக்குள்ள யார் கையையும் தொடாம போனது நான் ஒருத்தன்தான். இன்னைக்கும் அந்தப் பெரியவர் கடைத்தெருவுல என்னைப் பாத்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருவாரு. நிபந்தனையை அவருக்கு யாரு போயி விளக்குறது?

உள்ள டாக்டரம்மா தரையில உக்காந்துட்டாங்க. தவசி சம்சாரம் பேச்சியம்மா. அந்தப் பிள்ளை எந்திரிச்சு அடிக்கும்னுதான் நினைச்சேன். அது என்ன பண்ணுச்சு, மத்த பொம்பளைங்களைப் பிடிச்ச மாதிரியே டாக்டரம்மா கழுத்தையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. யாருன்னு தெரிஞ்சுதான் பிடிச்சுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத் தலையைத் தூக்கி, "அன்னைக்கு ராத்திரியே நீங்க வந்து பாத்திருந்தா பொழைச்சிருப்பாரா டாக்டரம்மா?"ன்னு கேட்டுச்சு.

நான் வாசல்ல இருந்தே கண்ணைக் காட்டுறேன், தலையை ஆட்டுறேன், இருமுறேன். ஒண்ணும் நடக்கலை.

"தெரியலை பேச்சியம்மா. பொழைச்சிருக்கலாம். ஆனா நான் வந்து பாத்திருக்கணும். போன்லயே சொல்லிட்டு விட்டுட்டேன். அது என் தப்புதான்" அப்படின்னாங்க.

அத்தனை பேர் முன்னால சொன்னாங்க. நான் வாட்சைப் பாத்தேன், பதினொண்ணு இருபது. ஃபைலைத் தொறந்து அங்கயே எழுதிக்கிட்டேன்.

பாடி எடுக்குற வரைக்கும் டாக்டரம்மா உக்காந்திருந்தாங்க. வெறுங்காலோடதான் வண்டிக்கு வந்தாங்க. வர்ற வழியெல்லாம் எனக்கு ஒரே கோவம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா அப்படிச் சொல்லுவாங்க?

கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதினேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க? எழுதாம விட்டா நானும் உடந்தை ஆயிருவேன். அனுப்புறதுக்கு முன்னால நாணயமா அவங்ககிட்டயே கொண்டு போயிக் காட்டினேன். "டாக்டர் தன் தவறு என்று கூறியதாகத் தெரிகிறது"ன்னு எழுதியிருந்தேன், கொஞ்சம் இளக்கம் இருக்கட்டுமேன்னு. டாக்டரம்மா பேனாவை எடுத்து, அந்த வரியையே அடிச்சுட்டு, "என் தவறு என்று கூறினேன்"னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அடிச்சுத் திருத்தக் கூடாதுன்னு வகுப்புல எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அப்புறம் டீ வரவழைச்சுக் குடுத்தாங்க. குடிச்சுட்டுப் போயி ரிப்போர்ட்டை அனுப்பினேன்.

கம்பெனிகிட்ட இருந்து ஒரே பக்கத்துல பதில் வந்துச்சு, இந்தச் சம்பவத்துக்குப் பொறுப்பேற்க இயலாதுன்னு. பாலிசி அத்தோட முடிஞ்சுது. அப்புறம் அவங்க திரும்பப் போடவே இல்லை. ஒரு நல்ல டாக்டரை இழந்துட்டேன் சிஸ்டர். அதுதான் என் மனக்குறை. நான் அவங்களுக்காகக் காருக்கே குறுக்க நின்னவன்.

கேஸு போட ரெண்டு வருஷம் அவகாசம் உண்டு. அந்த ரெண்டு வருஷமும் நான் காலண்டரைக் கிழிச்சுக்கிட்டே இருந்தேன். முத்திருளாண்டி ஒரு வக்கீலைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனான்னு கேள்விப்பட்டேன். அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இந்த ரோட்டுல போகும்போதெல்லாம் இந்த ஆஸ்பத்திரி போர்டு இருக்கான்னு பாத்துட்டுத்தான் போவேன்.

போர்டு இருந்துச்சு. கேஸு வரவே இல்லை. ரெண்டு வருஷம் முடிஞ்ச மறுநாள் எனக்குப் பொறுக்கலை, நேரா பேச்சியம்மா கடைக்கே போயிட்டேன். பஸ் ஸ்டாண்டு வாசல்ல இப்ப அதுதான் பூக் கட்டி விக்குது. ரெண்டு முழம் வாங்கிட்டு, ஏன்ம்மா கேஸு போடலைன்னு கேட்டேன். தொழில்முறையில கேட்டேன், வேற ஒண்ணும் இல்லை.

கையை நிறுத்தாமக் கட்டிக்கிட்டே சொல்லுச்சு. "கேக்க வேண்டியதை அன்னைக்கே கேட்டுட்டேன். அவுகளும் மறைக்காமச் சொல்லிட்டாக. அப்புறம் கோர்ட்டுல போயி எதைக் கேக்கச் சொல்றீக?"

அப்ப மன்னிச்சுட்டியாம்மான்னேன். நிமிந்து ஒரு பார்வை பாத்துச்சு. "அதை யாரு சொன்னா?"ன்னுச்சு.

இது ஒரு பதிலா சிஸ்டர்? சட்டத்துல இதுக்கு ஒரு இடமும் கிடையாது. வகுப்புல சொல்லவும் முடியாது. நான் சொன்னபடி நடந்த பத்தொம்பது பேரும் கோர்ட்டுக்கு நடக்குறாங்க. சொன்னதைக் கேக்காத இவங்க ஆஸ்பத்திரியில நிம்மதியா வேலை பாக்குறாங்க. அதிர்ஷ்டம். வேற என்ன சொல்ல?

இங்க ஏன் வந்தேன்னு கேக்குறீங்க, கேப்பீங்கன்னு தெரியும். என் நாப்பத்தெட்டு டாக்டர்ல சர்ஜனே பதினோரு பேர். ஒருத்தர் ஆஸ்பத்திரியில லிஃப்ட் கிடையாது. ஒருத்தர் ஆஸ்பத்திரி வாசல்ல எந்நேரமும் தூசி. இப்படி ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வந்தா நாலஞ்சு பேர்தான். அதுல ஒருத்தர்கிட்ட போகவும் செஞ்சேன். என் வகுப்புல முதல் பெஞ்சு அவரு. எனக்கு ஏதாச்சும் ஆகுமா டாக்டர்னு கேட்டேன். "எல்லாச் சிகிச்சைக்கும் அதுக்குரிய சாதக பாதகங்கள் உண்டு, விவரம் படிவத்தில் உள்ளது"ன்னாரு. சுகர் இருக்கே, பயப்படலாமான்னு கேட்டேன். அதே பதில். ஒரு எழுத்துப் பிசகலை, அப்படியே நான் சொல்லிக்குடுத்தது. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. எந்திரிச்சு, வெளிய வந்து, செருப்பை மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் அங்க போகலை. அவரு ஆஸ்பத்திரி வேற கொஞ்சம் தூரம். இது பக்கம். அதான் இங்க வந்தேன்.

இன்னைக்குக் காலையில உங்க டாக்டரம்மா வந்து கட்டில்ல உக்காந்து சொல்றாங்க, "சுகர் இருக்கு, கல்லு பெருசா இருக்கு, கசிவு வர வாய்ப்பு இருக்கு. வந்தா வயிறு வலிக்கும், உடனே சொல்லணும். மூணு நாளைக்கு நான் இந்த ஊரை விட்டு எங்கயும் போகமாட்டேன். இப்ப எல்லா ஆபரேஷனுக்கும் அப்படித்தான்." டாக்டர், இப்படி வாயால வாக்குக் குடுக்கக் கூடாது, நிபந்தனையில இல்லைன்னேன். "எனக்குத்தான் பாலிசியே இல்லையே தெய்வசிகாமணி"ன்னு சிரிக்கிறாங்க. என்ன ஆளு பாருங்க. வாக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே தவிர, மூணு நாளா நாலு நாளான்னு இன்னொரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.

குடுங்க, போடுறேன். இங்கயா? தேதியும் போட்டுட்டேன். மணியும் போட்டுட்டேன், ஒம்போது அம்பது.

எனக்குப் பயமா இருக்கு தாயி. இதை எங்கயும் எழுத வேணாம்.

இன்னொண்ணு. இதையும் எழுத வேணாம், வாயால டாக்டரம்மாகிட்ட சொன்னாப் போதும். ஒம்பதாவது வரி மாதிரி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, அவங்க எங்க வீட்டுக்குக் கேதத்துக்கு வரணும். நாகலட்சுமி சும்மா விடமாட்டா, என்ன ஆச்சு, ஏன் ஆச்சுன்னு துருவித் துருவிக் கேப்பா. அவளுக்கு யாராவது உள்ளதைச் சொல்லணும். நான் இருந்தா வாசல்லயே மறிச்சுருவேன். அன்னைக்கு நான் இருக்க மாட்டேன்ல, வரச் சொல்லுங்க.